சாப்பிட்டீங்களா என்று கேட்டால் போதாது

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா. வெறும் வயித்தோடதான் இருக்கேன்."

கேஸ் ஷீட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். அப்போது நான் எம்.டி. மயக்கவியலில் முதலாம் ஆண்டு. அவர் ஐம்பதைத் தாண்டிய விவசாயி. குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. முதுகில் போட்ட ஸ்பைனல் சரியாக வேலை செய்யாததால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியதாயிற்று. மருந்து ஏறிய அரை நிமிடத்தில் வாயோரம் பழுப்பு நிறத்தில் திரவம் வழிந்தது. மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, சக்ஷன் போட்டு உறிஞ்சி, மூச்சுக்குழாயில் டியூப் வைத்தார் என் சீனியர். நுரையீரலுக்குள் கொஞ்சம் போய்விட்டது. இரண்டு நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தார்.

மூன்றாம் நாள் அவர் கட்டிலருகே போய் மறுபடியும் கேட்டேன். "சாப்பிடலையே தாயி. விடிகாலையில ஒரு டம்ளர் காபி, ரெண்டு பன்னு. அவ்வளவுதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. காபியும் பன்னும் அந்தக் கணக்கில் வராது. தவறு என் கேள்வியில் இருந்தது.

அறுவைக்கு முன் வயிறு எவ்வளவு நேரம் காலியாக இருக்க வேண்டும் என்பது மயக்கவியல் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும். தெளிந்த நீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, இலகுவான உணவு 6, எண்ணெய்ப் பலகாரமோ கறியோ என்றால் 8. தேர்வில் கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள். 'காபி எதில் சேரும்?' என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் தடுமாற்றம். வெளிநாட்டுப் புத்தகங்கள் கறுப்புக் காபியைத் தெளிந்த திரவத்தில் சேர்க்கின்றன. நம் வீட்டுக் காபியில் பாதிக்கு மேல் பால். அது 6 மணி நேரக் கணக்கு. இந்த ஒரு வரி தெரியாமல் புத்தகம் முழுவதையும் கரைத்துக் குடித்தாலும் நோயாளிக்குப் பாதுகாப்பில்லை.

இருபது ஆண்டுகளாக முதுநிலை மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்துவருகிறேன். இந்தப் படிப்பில் கடினமான பகுதி எது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புத்தகம் எங்கோ குளிர்தேசத்தில் எழுதப்பட்டது, நோயாளி இங்கே படுத்திருக்கிறார். இடையிலுள்ள தூரத்தை மாணவர்தான் நடந்து கடக்க வேண்டும். அவர் கடந்தாரா என்று பார்க்கத்தான் தேர்வு.

எம்.டி. மூன்று ஆண்டுப் படிப்பு. ஆய்வேடு ஒன்று எழுதி ஒப்படைக்க வேண்டும். கடைசியில் நான்கு எழுத்துத் தாள்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, உழைத்தால் எழுதிவிடலாம். பயம் எல்லாம் செய்முறைத் தேர்வில்தான். லாங் கேஸ், ஷார்ட் கேஸ், பிறகு மருந்துகளும் கருவிகளும் ஈ.சி.ஜி.யும் பரப்பிய மேஜைகளில் வைவா. எதிரே தேர்வாளர்கள் நால்வர். இருவர் வெளியிலிருந்து வந்தவர்கள். நீட் பி.ஜி.யில் 200 கேள்விகளுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுப் பழகி வந்த பிள்ளைகளுக்கு இது வேறு உலகம். இங்கே விடைகள் முன்னால் எழுதியிருக்காது. தானாக, வரிசையாக, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த முறை கொடுமையானது, எடுத்துவிட வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் உடன்படுவதில்லை. தியேட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வரும்போதும் யாரும் நான்கு விடைகளை நீட்டப்போவதில்லை.

லாங் கேஸை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டாகக் கழுத்துக் கழலையோடு இருக்கும் ஓர் அம்மாள். மாணவர் அவரிடம் தமிழில் பேசி, எல்லாவற்றையும் கேட்டறிந்து, தேர்வாளரிடம் ஆங்கிலத்தில் ஒப்பிக்க வேண்டும். கழலை மூச்சுக்குழாயை அழுத்துகிறதா என்று தெரிய வேண்டும். 'டிஸ்ப்னியா இருக்கா' என்று எந்தப் பாட்டியிடமும் கேட்க முடியாது. "மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதா? எத்தனை தலகாணி வச்சுப் படுக்கிறீங்க? எந்தப் பக்கமா ஒருக்களிச்சா சௌகரியமா இருக்கு?" இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் தங்கம். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுப் பாதை அடைபட்டால், எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பதை அந்த அம்மாளே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

அடுத்தது இதயத்தின் தாங்கும் சக்தி. புத்தகத்தில் அதற்கு 'மெட்' என்றொரு அளவு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் 4 மெட்டுக்குக் குறையாது. பெரிய அறுவையைத் தாங்குவார் என்று ஓரளவு நம்பலாம். சரி, ஓட்டுவீட்டில் வாழ்ந்து மாடிப்படியையே மிதிக்காத பாட்டியிடம் என்ன கேட்பது? ஒரு மாணவி கேட்டாள்: "குழாயடியிலேர்ந்து குடம் நீங்கதான் தூக்கிட்டு வர்றீங்களா? நடுவுல இறக்கி வச்சு மூச்சு வாங்கிக்கிறீங்களா?" நான் அவளைப் பாராட்டினேன். 'மூச்சு வாங்குது', 'இளைக்குது', 'படபடங்குது', 'நெஞ்சைப் பிடிக்குது' என்று நம் மக்கள் சொல்லும் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயின் அடையாளம். இந்தச் சொற்களைப் பிரித்தறிவது எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இல்லை. வார்டில் காது கொடுத்துத்தான் கற்க வேண்டும்.

பிறகு "வாயைத் திறந்து நாக்கை நீட்டுங்க" என்பார்கள். உள்நாக்கும் தொண்டையும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்த்து, டியூப் வைப்பது எளிதா கடினமா என்று கணிக்கும் சோதனை. 1985-ல் இதை முறையாக வெளியிட்டவர் இந்தியாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி. அன்று மூன்று வகுப்புகள். 1987-ல் வேறு இருவர் நான்காவதைச் சேர்த்தார்கள். உலகெங்கும் மயக்கவியல் மருத்துவர்கள் தினமும் உச்சரிக்கும் ஒரு தெலுங்குப் பெயர்.

கருவி மேஜையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. சிலிண்டர் இரண்டு நிற்கும். ஒன்று ஆக்சிஜன்: கறுப்பு உடல், வெள்ளைத் தோள். மற்றது நீல நிற நைட்ரஸ் ஆக்சைடு. "முள் பாதிக்கு இறங்கினால் எவ்வளவு மிச்சம்?" ஆக்சிஜன் முழுக்க வாயு. முள் பாதி என்றால் பாதி மிச்சம். நைட்ரஸ் அப்படியில்லை. அழுத்தத்தில் அது திரவமாகி அடியில் கிடக்கிறது. மேலே உள்ள வாயு செலவாகச் செலவாகத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புவதால் முள் 745 பி.எஸ்.ஐ. பக்கமே நிற்கும். கடைசிச் சொட்டுத் திரவம் தீர்ந்த பிறகுதான் மளமளவென்று இறங்கும். முள்ளை நம்பினால் ஏமாற்றம்; எடை போட்டுத்தான் அறிய வேண்டும்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடுத்து நான் கேட்பது: "அக்னி நட்சத்திரத்தில், சென்னையில், விசிறிகூட இல்லாத கிடங்கில் அந்தச் சிலிண்டர் நிற்கிறது. இப்போது சொல்லுங்கள்." கொஞ்ச நேரம் மௌனம் இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு திரவமாக இருக்கக்கூடிய உச்ச வெப்பநிலை 36.5 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் கிடையாது. மே மாதக் கிடங்கில் உள்ளே இருப்பது முழுக்க வாயு, அழுத்தமும் எகிறும். அதனால்தான் குளிர்நாட்டில் 0.75 என்ற நிரப்பு விகிதத்தில் அடைப்பதை வெப்பநாட்டில் 0.67-க்குக் குறைத்து அடைக்கிறார்கள். அந்த இரண்டு எண்களையும் மாணவர்கள் முன்பே உருப்போட்டிருப்பார்கள். அவை நம் வெயிலைப் பற்றியவை என்று உணரும் நேரத்தில் முகம் மாறும். அதைப் பார்க்கவே நான் இந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறேன்.

மருந்து மேஜையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. சக்சமெத்தோனியம், தியேட்டரில் எல்லோரும் ஸ்கோலின் என்போம். தசைகளை நொடிகளில் தளர்த்தி, ஐந்து பத்து நிமிடங்களில் தானே விலகிவிடும். இரத்தத்திலுள்ள சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைப்பதால்தான் அவ்வளவு சீக்கிரம் விலகுகிறது. பிறவியிலேயே அந்த நொதி குறைந்தவர்களுக்கு மருந்து மணிக்கணக்கில் விலகாது. அதுவரை மூச்சும் திரும்பாது. வெளிநாட்டு நூல்கள் இதை அபூர்வம் என்று எழுதிக் கடந்துவிடும். நம் பக்கத்தில் ஆரிய வைசியர் சமூகத்தில் இக்குறைபாடு கூடுதலாகக் காணப்படுவது மயக்கவியல் மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை, கோவை ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006-ல் வெளியிட்டது. இங்கே யாரிடமும் சாதி கேட்க வேண்டியதில்லை. "உங்க வீட்டுல, சொந்தத்துல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆயிடுச்சா? மெஷின்ல வச்சிருந்தாங்களா?" என்று எல்லோரிடமும் கேட்டாலே போதும். மீறி அப்படி நேர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று வைவாவில் கேட்பேன். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருப்பேன் என்று மட்டும் சொல்பவருக்குப் பாதி மதிப்பெண்தான். மயக்கத்தைத் தொடர்ந்து கொடுப்பேன் என்றும் சொல்ல வேண்டும். விரலைக்கூட அசைக்க முடியாத அந்த மனிதருக்கு நினைவு மட்டும் திரும்பிவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தவர்தான் அதைச் சொல்வார்.

எண்களும் வேண்டும்தான். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் காற்று ஏறத்தாழ இரண்டரை லிட்டர். உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன் செலவழிக்கிறது. சாதாரணக் காற்றோடு மூச்சு நின்றால் ஒரு நிமிடம்போலத்தான் தாங்கும். முன்கூட்டியே மூன்று நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுத்திருந்தால், ஆரோக்கியமானவருக்கு எட்டு நிமிடம்வரை அவகாசம் கிடைக்கும். நிறைமாத கர்ப்பிணிக்கு அந்தக் காற்று இருப்பும் குறைவு, செலவும் கூடுதல். எட்டு என்பது மூன்று நான்காகச் சுருங்கிவிடும். நடுராத்திரி அவசர சிசேரியனுக்கு ஓடும்போது, முகமூடியை வைத்து மூன்று நிமிடம் காத்திருக்கும் பொறுமை இந்தக் கணக்கு நெஞ்சில் பதிந்தவருக்கே வரும்.

பழைய வரலாற்றையும் படிக்கச் சொல்வேன். 1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோஃபார்மைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று மாதம் நிறைவதற்குள், 1848 ஜனவரி 28-ல், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இங்கிலாந்தில் கால் நகம் ஒன்றை எடுக்கப்போய் அதனால் இறந்தாள். மூச்சு முதலில் நிற்கிறதா, இதயமா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. அதைத் தீர்க்க நிஜாமின் பணத்தில் ஹைதராபாத்தில் 1888, 1889 ஆண்டுகளில் இரண்டு ஆணையங்கள் கூடின. உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று போற்றப்படும் ரூபா பாய் ஃபர்தூன்ஜி அந்த ஊரில், அந்தக் காலத்தில் பயின்றவர். மூச்சே முதலில் நிற்கும், அதைக் கவனித்தால் போதும் என்றது ஆணையம். அது முழு உண்மையல்ல. இலேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயம் திடீரென்று தாளம் தவறி நின்றுவிடும் என்பதை லெவி 1911-ல் காட்டினார். இன்று நாம் மூச்சையும் பார்க்கிறோம், நாடியையும் பார்க்கிறோம். மானிட்டரின் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் இப்படி ஓர் இழப்பு இருக்கிறது.

என் மாணவர்களிடம் சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். அதில் நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றைத் தமிழில், பேசுகிறபடியே எழுத வேண்டும். இந்த வருடம் தேர்வெழுதும் ஒரு பெண்ணின் நோட்டில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது: 'எந்திரிச்சதுலேர்ந்து வாயில என்னென்ன போட்டீங்க? காபி? டீ? பன்னு, பிஸ்கட்? மாத்திரையை எதோட முழுங்கினீங்க?' அதற்குக் கீழே பல் செட்டு, ஆடுகிற பல், உறவில் யாருக்காவது மயக்கத்தில் ஏற்பட்ட சிக்கல்.

சென்ற வாரம் அவளோடு தியேட்டரில் இருந்தேன். பித்தப்பைக் கல் எடுக்க வந்திருந்த பாட்டி. அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் "இல்ல கண்ணு, தண்ணிகூடக் குடிக்கல" என்று சொல்லிவிட்டார். மேஜையில் ஏற்றிப் படுக்க வைத்து, கடைசியாக ஒருமுறை வாயைத் திறக்கச் சொன்னாள். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, பலகைபோல விறைத்திருந்தது. கடைவாய் ஓரத்தில் பாதி மென்ற வெற்றிலை பாக்கு.

அறுவையை நிறுத்திவைத்தோம். பாக்கு பல காலம் மென்றதால் வாய் திறக்காமல் போன அந்தப் பாட்டிக்கு, விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் கருவியால் டியூப் வைக்கலாம் என்று முடிவு செய்து நாள் குறித்தோம். வெளியே வந்ததும் அவள் நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினாள்: 'வெத்தல போடுவீங்களா? எத்தனை வருஷமா? இப்ப வாயில இருக்கா?'