எந்த 'ள'வைப் போடணும், அக்கா?

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தாள். கேட்கக் கேட்க எனக்கு ஆனந்தம்! சும்மா இருக்காமல், படத்தைக் கையால் மறைத்து, பக்கத்தின் நடுவில் ஒரு வரியைத் தொட்டு, "இங்கேயிருந்து வாசி கண்ணு" என்றேன். சட்டென்று வாய் மூடிக்கொண்டது. அக்காள் படிக்கக் கேட்டு அத்தனையும் மனப்பாடம்!

இது நடந்தது 2021 டிசம்பரில், தூத்துக்குடி திரேஸ்புரத்தில், எங்கள் வீட்டுத் தார்சாவில். அந்த அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலையில் ஒன்றரை மணி நேரம். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது நாலாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள், 2021 நவம்பர் 1-ஆம் தேதி மறுபடி திறந்தபோது ஆறாம் வகுப்பு! ஐந்தாம் வகுப்பறையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. செல்போனில் பாடம் நடத்தினார்களே என்பீர்கள். வீட்டில் இருந்த ஒரே செல்போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டால் பாடம் எப்படி நடக்கும்?

அவள் அம்மா விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போகிறவள். "ஆறாப்பு வந்துட்டா, இன்னும் எழுத்துக் கூட்டுதாளே யக்கா! என்கூட அளத்துக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?" என்று கேட்டாள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். விசைப்படகு 61 நாள் கடலுக்குப் போகாது. படகில் கூலிக்குப் போகிற அப்பாவுக்கு வருமானமும் இருக்காது. அவள் கவலை அவளுக்கு. "அதுவரைக்கும் பொறு" என்று வாய்தா வாங்கினேன்.

முதலில் நான் செய்தது தப்பு. முதலெழுத்து, சார்பெழுத்து என்று இலக்கணத்தை ஒப்பிக்க வைத்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். வழி காட்டியது ஒரு பையனின் நோட்டு. "அப்பா வாழை பிடித்து வந்தார்" என்று எழுதியிருந்தான். "கடல்லயாடா வாழை முளைச்சிருக்கு?" என்று தார்சாவே சிரித்தது. பாவம், அவன் எழுத நினைத்தது வாளை மீன்!

இதில் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் மழையும் 'மளை', பழமும் 'பளம்'. காதில் விழுந்ததைத்தானே கை எழுதும்? (நானே வீட்டில் 'வாளைப்பளம்' என்றுதான் சொல்வேன்.) ஆகவே காதை விட்டுவிட்டு நாக்கைப் பிடித்தேன். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். 'ள'வுக்கு மேலண்ணத்தின் நடுவைத் தொடும். 'ழ'வுக்கு நுனி உள்ளே வளைந்து அண்ணத்தை வருடும், அவ்வளவுதான். ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்துச் சொல்லச் சொன்னேன். ஒரே கூத்து!

'ண, ன, ந'வுக்கு ஜோடி பார்த்தால் போதும். ட பக்கத்தில் ண் (வண்டி), ற பக்கத்தில் ன் (கன்று), த பக்கத்தில் ந் (பந்து). டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயர்களே இதைச் சொல்லிவிடுகின்றன.

நமக்கே இந்தப் பாடு என்றால், 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலிலிருந்து வந்து, பக்கத்துப் புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் என்ன பாடு பட்டிருப்பார்! இந்தக் கரையில் தமிழ் கற்று, போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதியவர். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தைத் தமிழில் தந்தவர். "அவருக்கு யாருக்கா டீச்சர்?" என்றான் ஒரு வாண்டு. "உங்க பாட்டன் பூட்டன்தான்" என்றேன்.

எழுதப் பழக்கவும் வீட்டையே பிடித்துக்கொண்டேன். தினம் ஐந்து வரி. பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, சொன்னபடியே எழுத வேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளின் பெயர்கள் வந்தன. 1961-ல் இங்கே கடைசியாக நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி ஒருத்தி தாத்தாவிடம் கேட்டு வந்தாள். 'தாத்தா சொன்னாவ' என்று எழுதுவாள். அதைக் கூடி உட்கார்ந்து 'தாத்தா சொன்னார்' என்று மாற்றுவோம். சிவப்பு மைப் பேனாவை நான் தொடவேயில்லை. சகோதரிகளே, சோறு கொதிக்கிற பத்து நிமிஷத்தில் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். பலசரக்கு மடித்து வந்த காகிதம் போதும். தெரியாத வரியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

எல்லாம் ஜெயம் என்று சொல்ல மாட்டேன். வாழை பிடித்தவன் பொங்கலுக்குப் பிறகு வரவேயில்லை. மாமா வள்ளத்தில் போகிறான் என்றார்கள். இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், ஆள் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 14 மாலை அந்த அம்மா வந்தாள். முந்தியில் முடிந்திருந்த மகளிர் குழுக் கடன் சீட்டை எடுத்து மகளிடம் நீட்டினாள். "பாக்கி எம்புட்டுன்னு போட்டிருக்கு? வாசி."

அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். 'நிலுவை'யில் கொஞ்சம் திணறினாள். பிறகு தொகையைச் சொன்னாள். அம்மா சீட்டை வாங்கி மறுபடி முடிந்துகொண்டாள்.

"நாளைக்கும் அஞ்சு மணிக்குத்தானக்கா?" என்றாள் என்னிடம்.