ஊன்றி எழும்போது நழுவும் முழங்கை

முழங்கை ஜவ்வு என்றதும் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் சொல்லும் பெயர் டாமி ஜான். 1974 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணிக்காகப் பந்து வீசும்போது அவருடைய இடது முழங்கையின் உட்பக்க ஜவ்வு அறுந்தது. அந்தக் காலத்தில் ஒரு வீச்சாளரின் ஆட்டம் அத்தோடு முடிந்த மாதிரிதான். டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்தச் செப்டம்பரில் ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோத்து, புது ஜவ்வாக்கினார். 1976-ல் களம் திரும்பிய ஜான் 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதன் பிறகு வந்தவை. (அந்தத் தசைநாணை நீங்களும் பார்க்கலாம்: கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் கயிறாக எழும்பும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது; அதனால் கைக்குப் பெரிய குறையும் இல்லை.)

இந்தப் புகழில் வெளிப்பக்க ஜவ்வை மறந்துவிட்டோம். எறிவதையே தொழிலாகக் கொள்ளாத நமக்கு முக்கியமானது அதுதான்.

கையை முழுக்க நீட்டினால் முழங்கை எலும்புகளே ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும். கொஞ்சம் மடக்கியதும் பாரம் ஜவ்வுகள் மேல் இறங்கும். உட்பக்க ஜவ்வு, முன்கை வெளிப்பக்கம் சாய்ந்து மூட்டு வாய்பிளக்காமல் பிடித்துக்கொள்கிறது. பந்தோ ஈட்டியோ எறியும்போதுதான் அதற்கு உச்சகட்டச் சோதனை. அது கிழிந்தும் பலர் வண்டி ஓட்டி, குடம் தூக்கி, குறை தெரியாமல் இருக்கிறார்கள்.

வெளிப்பக்க ஜவ்வின் கதை வேறு. பைக்கிலிருந்து விழும்போது கையை ஊன்றி, முழங்கை பிசகினால் இது கிழியாமல் தப்புவது அரிது. பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆறாதபோது, முன்கை எலும்புகள் இரண்டும் சேர்ந்து திருகிப் பின்னால் நழுவப் பார்க்கும். டாக்டர் ஷான் ஓடிரிஸ்கால் குழுவினர் 1991-ல் இதைத் தெளிவாக விவரித்தார்கள். நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி எழும்போது 'டக்'கென்று ஒரு சத்தம், கை விட்டுவிடுமோ என்ற பயம். கையை அசைக்காமல் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் ஒழுங்காகவே தெரியலாம். எப்போது நழுவுகிறது என்று டாக்டரிடம் சொல்வது அதனால்தான் முக்கியம்.

எலும்பு முறியாத பிசகு என்றால் மூட்டை இடத்தில் வைத்து, ஓரிரு வாரத்துக்குள் மெல்ல அசைக்கத் தொடங்கச் சொல்கிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் கட்டுப் போட்டே வைத்திருந்தால் முழங்கை விறைத்துவிடும். ஜவ்வோடு எலும்பும் உடைந்திருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

நம் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு: வீங்கிய முழங்கையில் எண்ணெய் போட்டு உருவி, பலமாக இழுத்து நீட்டுவது. அடிபட்ட முழங்கைக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். பிறகு கை மடங்காது, நீளவும் செய்யாது.