பாலமில்லா நதிக்கரையில் ஒரு நாள்

ஒரு நதியை அறிய விரும்புவோர் அதன் கரை வழியே மெல்லச் செல்லுதல் வேண்டும். புகைவண்டி அதனை ஒரு மணி நேரத்துள் காட்டி மறைத்துவிடும். துவிச்சக்கர வண்டியோ விரும்பிய இடத்தில் நின்று பார்க்க இடமளிக்கும். ஜேர்மனியின் றைன் நதியோரமாய்ப் பிங்கன் நகரிலிருந்து கோப்ளென்ஸ் நகர் வரை, ஏறத்தாழ 65 கிலோமீற்றரை ஒரே நாளில் நாம் அவ்வாறு கடந்தோம்.

இடக்கரைப் பாதை பெரும்பாலும் சமதரையாதலின் கால்களுக்கு வருத்தமில்லை. செங்குத்தான மலைச்சரிவுகளிலே முந்திரிகைக் கொடிகள் படிப்படியாய் நிற்கின்றன. குன்றுகள்தோறும் பழங்கோட்டைகள் தலைகாட்டுகின்றன. அவற்றுட் சில, கப்பல்களை மறித்துச் சுங்கம் வாங்குதற்கென்றே எழுந்தவை. கௌப் என்னும் ஊருக்கெதிரே ஆற்றின் நடுவே நிற்கும் சுங்கக் கோட்டை 1327ஆம் ஆண்டளவில் அமைந்தது.

இத்துணை வளமிக்க பள்ளத்தாக்கில் ஒன்று மட்டும் இல்லை. மைன்ஸ் நகர்ப்புறப் பாலத்தை விட்டால், கோப்ளென்ஸ் வரை ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு நதியின் குறுக்கே பாலமே கிடையாது. முன்னர் எழுந்த பாலங்களும் போரின் பொருட்டே எழுந்தன. 1814ஆம் ஆண்டுப் புத்தாண்டு இரவில், நெப்போலியனைத் துரத்திய புளூக்கர் தளபதியின் சேனை கௌப் அருகே மிதவைப் பாலமிட்டுக் கடந்தது. பிங்கனுக்குச் சற்று மேலே 1915இல் முடிவுற்ற இருப்புப்பாதைப் பாலத்தை, 1945இல் பின்வாங்கிய ஜேர்மன் படையினரே தகர்த்தனர். அதன் இடிபாடுகளை இன்றுங் காணலாம்.

நீர்மட்டத்துக்கு மேல் 132 மீற்றர் உயர்ந்த லோரலைப் பாறையைத் தாண்டி, சாங்க்ட் கோவார் என்னுமிடத்தில் பாதைப்படகில் ஏறினோம். புத்தகப் பையுடன் மாணவர்கள், மோட்டார் வண்டிகள், முதியோர் யாவரும் உடன் வந்தனர். சில நிமிடத்தில் மறுகரை வந்தது. ஆயினும் இப்படகு இரவு முழுவதும் ஓடுவதில்லை, பெருவெள்ளத்திலும் நின்றுவிடும். நள்ளிரவில் மறுகரை செல்ல வேண்டிய நோயாளிக்கு அது நெடுவழியன்றோ?

இவ்விடத்தில் பாலமொன்று கட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. எனினும் இப்பள்ளத்தாக்கு 2002 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலம். எல்ப நதியின் குறுக்கே புதிய பாலங் கட்டியமையால் திறெஸ்டன் பள்ளத்தாக்கு 2009இல் அப்பெருமையை இழந்ததை இங்குள்ளோர் அறிவர். படகோட்டிகளின் பிழைப்பும் இதில் அடங்கியுள்ளது.

மாலையில், மோசெல் நதி றைனுடன் கலக்கும் கோப்ளென்ஸ் முனையை அடைந்தோம். வழிப்போக்கராகிய நமக்குப் பாலமில்லாக் காட்சி இனிது. படகுக்குக் காத்து நிற்பதும் ஓய்வே. அங்கே நாள்தோறும் காத்து நிற்போரின் நிலை வேறு. ஆதலின் அழகைக் காக்க விழைவோர், இரவிலும் ஒரு படகு ஓடுதற்கு முதலில் வழி செய்வாராக. அதன்பின் பாலத்தைப் பற்றி ஆறுதலாக ஆராயலாம்.