பழைய பிக்கப், புதிய சாலை – 9: சி10-இன் பின்கரங்கள்

1971-இல் ஷெவர்லே தன் சி10 பிக்கப்புக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்கை எல்லா வண்டிகளிலும் கொடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நிற்கும் சிக்கல் பெரும்பகுதி தீர்ந்தது. வளைவில் சாய்வதும் நேர்சாலையில் அலைவதும் தீரவில்லை. அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரையிலான சி10-ஐப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு, சஸ்பென்ஷனை மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதிய சேசிஸே போட்டுவிடும் யோசனை எளிதில் கிடைக்கிறது. சாலையில் ஓட்டப்போகும் வண்டிக்கு அந்தச் செலவு வீண் என்பேன். அமைப்பு இன்னும் நன்றாகவே இருக்கிறது, தேய்ந்துபோனவை அதன் மூட்டுகள்.

பின்பக்கத்தைப் பார்த்தாலே இது விளங்கும். அன்றைய பிக்கப்புகளில் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான் வழக்கம். சி10-இலோ சேசிஸின் நடுவிலிருந்து இரண்டு நீண்ட கரங்கள் பின்னோக்கிப் போய் ஆக்சிலைப் பிடித்துக்கொள்கின்றன. எடையைக் காயில் ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. ஆக்சில் பக்கவாட்டில் நகராதபடி குறுக்கே ஒரு பான்ஹார்ட் பார். நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைப் பிரிவுக் கார்கள் 2021 வரை இதே ஏற்பாட்டில்தான் ஓடின. அங்கே அந்தக் கரங்களுக்குப் பெயரே டிரக் ஆர்ம். பந்தயத் தடம் வழுவழுப்பானது, பந்தயக் கார் காலிப் பிக்கப்பைப் போல வால் லேசானதும் இல்லை என்று மறுக்கலாம், நியாயம்தான். ஆனாலும் அடிப்படை வடிவத்தில் கோளாறு இருந்திருந்தால் அத்தனை வேகத்தில் அத்தனை ஆண்டுகள் தாங்கியிருக்காது. சி10-இல் உண்மையான குறை, பான்ஹார்ட் பார் குட்டையாக இருப்பது. சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தப் பாரின் முனை ஒரு வட்டத்தின் பகுதியாக நகரும். பார் எவ்வளவு குட்டையோ அவ்வளவு அதிகமாக ஆக்சில் பக்கத்தில் இழுபடும். பள்ளத்தில் வண்டியின் பின்புறம் விலகுவதுபோல் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீளமான, அளவு திருத்தக்கூடிய பார் ஒன்றை மாட்டினால் அந்த இழுப்பு நன்றாகக் குறையும்.

வண்டியைத் தாழ்த்தினால் போதுமே என்பார்கள். ஈர்ப்பு மையம் இறங்கும், சாய்வு குறையும், அது மெய். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால் ஆக்சில் மேலேற இடமிருக்காது. ரப்பர் தடுப்பில் மோதிய கணத்தில் டயர் பிடி இழக்கும். பழைய பாரும் சரிந்து, நிற்கும்போதே ஆக்சிலை ஒருபக்கம் தள்ளிவிடும். ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்குவதும் தீர்வாகாது. சுமைக்காகச் செய்த ஸ்பிரிங் காலி வண்டியில் ஏற்கெனவே துள்ளுகிறது. அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பணத்தை முதலில் அங்கே போட வேண்டும்.

முன்பக்கத்தில் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் பெட்டியின் லூஸ், இந்த வரிசையில் பார்க்கலாம். ரேடியல் டயருக்கு அன்றைய அலைன்மென்ட் அளவு ஒத்துவராது. காஸ்டர் கோணத்தைக் கூட்டினால் நேரோட்டம் நிலைப்படும். ஆண்டி-ரோல் பாரை முதலில் முன்னால் போடுங்கள். பின்னால் தடித்ததாகப் போட்டால் மழையில் வால் வழுக்கும். பந்தயத் தடத்தில் நேரம் குறைக்க விரும்புவோருக்கு முன்பக்கக் கோணங்களையே மாற்றும் தொகுப்பு பயன்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் புதிய ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.