அறுநூறா? அறுநூற்றொன்றா?

நாடா நீள்கிறது! ஒரு முனையை நகராட்சி ஊழியர் பிடிக்கிறார். மறுமுனையை வீட்டுக்காரரே பிடித்துக் கொடுக்கிறார். வீட்டு அம்மையார் மோர் கொண்டுவர உள்ளே போகிறார். அதற்குள் ஏட்டிலே எண் ஏறிவிட்டது. என்ன எண் என்று கேட்டவர் எவருமில்லை!

பெரம்பலூரிலும் அரியலூரிலும் நாம் காணும் காட்சி இது. ஊரெல்லாம் வீடெழுப்பச் சிமெண்டு தரும் சீமை அரியலூர். அங்கே மூட்டை சுமந்து, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, கடன்பட்டு, தனக்கென ஒரு கூரை எழுப்புகிறான் தொழிலாளி. செங்கல்லின் கணக்கு அவனுக்குத் தெரியும். வட்டியின் கணக்கு அதைவிட நன்றாகத் தெரியும். வரியின் கணக்கு மட்டும் தெரியாது. பில் கலெக்டர் சொன்னதே வேதம்! வேதத்தையே கேள்வி கேட்ட நாம், வரிச் சீட்டைக் கேள்வி கேட்கக் கூடாதா?

2022 ஏப்ரலில் வரி உயர்ந்ததே, நினைவிருக்கிறதா? சென்னை நீங்கலாக மற்ற நகரங்களிலும் பேரூர்களிலும், குடியிருக்கும் வீடு 600 சதுர அடி வரை என்றால் 25 விழுக்காடு உயர்வு. 601 முதல் 1200 வரை 50. 1800 வரை 75. அதற்கு மேல் 100. மாளிகைக்குப் பெரும்பங்கு, சிறுவீட்டுக்குச் சிறுபங்கு, முறை சரியே. வசூலை உயர்த்திக் காட்டாத நகராட்சிக்கு மானியம் இல்லை என்று நிபந்தனை விதித்தது டில்லியின் 15ஆவது நிதிக்குழு. வாங்கச் சொல்பவர் அங்கே, வசவு கேட்பவர் இங்கே! அது தனிக் கதை.

நமது கவலை அந்த ஓர் அடியைப் பற்றியது. அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிய வீடு என்று வையுங்கள். ஏட்டிலே 590 அடி என்றிருந்தால் இனி 500 ரூபாய். நாடா நழுவி 610 என்று எழுதிவிட்டால் 600 ரூபாய். ஆண்டுக்கு 200 ரூபாய் வீண், அதுவும் ஆண்டுதோறும்!

ஆகவே தோழர்களே, நீங்களும் ஒரு நாடா பிடியுங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். ஏட்டிலே பாருங்கள்: பரப்பு எவ்வளவு? தெரு எந்த மண்டலம்? ஓடா, தளமா? குடியிருப்பா, கடையா? முன்னறையிலே தங்கை ஒரு தையல் எந்திரம் வைத்திருப்பதால் வீடு முழுவதும் கடையாகிவிட்டதா? தவறென்றால் ஆணையருக்கு எழுத்திலே மனுக் கொடுங்கள், நகல் வைத்துக் கொள்ளுங்கள். வாயால் சொன்னது வாசற்படியோடு போய்விடும். வாக்காளர் பட்டியலை வரிக்கு வரி படிக்கும் நமது கிளைத் தோழர்கள், படிப்பகத்திலே ஒரு நாடாவும் வாங்கி வைத்தால் தெருவே பயன்பெறும்.

கணக்குச் சரியென்றால் காலத்தில் கட்டுங்கள். ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் அந்தந்த அரையாண்டு வரி செலுத்தினால் 5 விழுக்காடு சலுகை உண்டு.

இன்னொன்று. வரி ரசீதைப் பெட்டியிலே பூட்டிவிட்டு, வீடு நமதே என்று உறங்குவோர் பலர், சிற்றூர்களிலே மிகப்பலர். ரசீது, வரி கட்டியதற்குச் சாட்சி. மண்ணுக்கு உரிமை பேசுவது பத்திரமும் பட்டாவும். நத்தத்திலே குடியிருந்து, ஊராட்சிக்கு ஆண்டுக்கணக்கில் வரி கட்டியும் பட்டா இல்லாதவர்கள், அந்த ரசீதுக் கட்டை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கட்டும். உடன் ஒரு தோழர் போகட்டும்.