சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை

ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்குக் கரையில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1833இல் தொடங்கப்பெற்ற ஒரு பள்ளி இன்றளவும் நடைபெற்று வருகிறது. அதன் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’! நம் தலைநகரமே 1996இல் அந்தப் பெயரை விட்டுவிட்டது, அவர்கள் விடவில்லை. குளிர் நாட்டுப் பள்ளி ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயர் எப்படிப் போயிற்று? மாணவனே ஆசிரியனாகி நின்று பாடம் சொன்ன கதை அது.

செயிண்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. படைவீரர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். ஆசிரியர்கள் சிலரே, அவர்களுக்கும் பாடம் சொல்வதில் அக்கறை போதவில்லை. ஒருநாள் காலை குதிரைமேல் சென்றபோது, நம் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார் பெல். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தவறினால் கையால் தடவி அழித்துவிடலாம்! தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியரோ முடியாது என்றார். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

பிறகு பள்ளி முழுவதுமே அந்த முறைக்கு மாறியது. ஒவ்வொரு வகுப்பிலும் தெரிந்தவன் ஒருவன், தெரியாதவன் ஒருவன் என இருவர் இருவராக அமர்ந்தார்கள். இளைத்தவனுக்கு வல்லவன் சொல்லிக் கொடுத்தான். நன்றாகப் படித்தவன் மேல் வகுப்புக்கு ஏறினான், பின்தங்கியவன் கீழே இறங்கினான். பெல் 1796இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டே இம்முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் நிலைத்தது.

மணலை மட்டுமே நம்மிடம் கண்டதாகவும், மாணவனைக் கொண்டு கற்பிப்பது தம்முடைய யோசனை என்றும் பெல் கருதினார். ஆனால் நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்பவன் இருந்தானே! வாத்தியார் வருமுன் பாடத்தை அவன் முதலில் சொல்ல, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவதுபோல் திருப்பிச் சொல்வார்கள். பெல்லுக்கு வெகுகாலம் முன்பே, 1623இல், பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டில் சிறுவர்கள் மணலில் எழுதி, கூட்டாகப் பாடி, ஆசிரியர் இல்லாமலே கணக்குப் பயின்றதைக் கண்டு எழுதியிருக்கிறார். யாருக்கு உரிமை என்று வழக்காட நான் வரவில்லை. இந்த முறை ஏன் பலிக்கிறது என்பதே எனக்கு வியப்பு.

2021 அக்டோபரில், எங்கள் மதுராந்தகத்துக்குத் தெற்கே மரக்காணம் பக்கம் ஒரு சிற்றூரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிவைக்கப்பட்டது. என் அக்காவும் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். 52இலிருந்து 27 கழிக்க ஒரு மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வரவில்லை. ‘கடன் வாங்கு’ என்று நானும் பலமுறை சொல்லிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த ஐந்தாம் வகுப்புப் பையன், “டேய், ஒரு பத்து ரூபா நோட்டைச் சில்லறை மாத்துடா” என்றான். அவ்வளவுதான், கணக்கு வந்துவிட்டது! நேற்றுத் தடுக்கி விழுந்தவனுக்குத்தான் கல் எங்கே இருக்கிறது என்று தெரியும். சொல்லிக் கொடுத்தவனுக்கும் அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு முழுதாகப் புரிந்திருக்கும்.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கி, இதே வழியில் ஓர் ஆசிரியரே ஆயிரம் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்றார். செலவு குறைவு என்றதும் யாருக்குத்தான் இனிக்காது? எல்லாவற்றுக்கும் சட்டாம்பிள்ளைகள், மணியடித்தால் எழுதுவது, மணியடித்தால் நிறுத்துவது! பள்ளி ஆலை போலாயிற்று. குற்றம் செய்த பிள்ளையைக் கூடையிலிட்டு உத்தரத்தில் தொங்கவிடுவதும் உண்டாம். (நாம் சிரிக்க முடியாது, கோதண்டம் போட்ட வாத்தியார்கள் இங்கேயும் இருந்தார்கள்.) ஆசிரியருக்குத் துணையாக நின்ற சிறுவனை ஆசிரியருக்குப் பதிலாக நிறுத்தியதுதான் கோளாறு. அதன் பின்னர், 1846இல், பதின்மூன்று வயது மாணவர்களைத் தலைமையாசிரியரிடம் ஐந்து ஆண்டு பழகவைத்து ஊதியமும் கொடுக்கும் திட்டம் அங்கே வந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் பள்ளிக்குச் சென்று வகுப்பெடுத்துப் பழகும் இன்றைய வழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி.

ஒன்று சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாக ஆளுநர் மன்றோ 1826இல் கணக்குக் கொடுத்தார். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. பெருமைதான். ஆனால் அந்தத் திண்ணைகளில் பெண்கள் மிகச் சிலரே; ஏறவே விடப்படாத சாதிகளும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்து படித்தவர் எவரையும் என் பாட்டிக்குத் தெரியாது. கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்.

அக்காவின் வகுப்பிலோ பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். அவள் வரத் தாமதமானால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். சட்டாம்பிள்ளைக்குப் பெண்பால் என்னவென்று தமிழ்த்துறைப் பேராசிரியர்களைத்தான் கேட்க வேண்டும்.