சார், எக்கோ போகணுமா?

பல்லைப் பிடுங்க டென்டல் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கோர்ட்டில் வாதாட பார் கவுன்சில். 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்வதற்கே 1972-ல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் 'அகூஸ்டிக் கன்சல்டன்ட்' என்று தொழில் நடத்த நம் ஊரில் தேவையானவை இரண்டு: ஒரு போர்டு, அதை மாட்ட ஆணி.

இது வேடிக்கை இல்லை. எங்கள் ஆபீஸ் கான்ஃபரன்ஸ் ரூமில் எம்.டி. ஒருமுறை பேசினால் சுவர்கள் இரண்டு முறை பேசின. ஆள் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஆசாமி உள்ளே வந்ததும் ஒரே ஒரு தடவை கை தட்டினார். "எக்கோதானே? நாலு பக்கமும் ஃபோம் ஒட்டிடலாம் சார். சதுர அடிக்கு ரேட் சொல்லட்டுமா?"

இரண்டாமவர், "நாங்க கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு" என்று கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டை நீட்டினார். உற்றுப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. பதிவு! அது வரி கட்டுகிறார் என்பதற்குத்தான் சாட்சி; வேலை தெரியும் என்பதற்கு அல்ல. சிறுதொழில்களுக்கான 'உத்யம்' பதிவும் அப்படியே. தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுப்பது.

மூன்றாமவர் விலையே சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். "உள்ளே பேசறது புரியலைங்கறதா பிரச்னை? இல்லே, உள்ளே பேசறது வெளியே கேக்குதா?"

எம்.டி., "ரெண்டும்தான்" என்றார்.

"அப்ப ரெண்டு வியாதி சார். வைத்தியமும் ரெண்டு."

மொத்த சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. ஃபோம், துணி, துளை போட்ட டைல்ஸ் எல்லாம் அறைக்குள் சுற்றும் ஒலியை உறிஞ்சும். அடுத்த அறைக்குப் போகும் ஒலியைத் தடுக்க கனமான சுவரும், இடுக்கு இல்லாத கதவும் வேண்டும். நூறு சதுர அடித் தடுப்பில் ஒரு சதுர அடி திறந்திருந்தால் போதும். மற்ற 99-ஐக் கருங்கல்லால் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சம்பள உயர்வு ரகசியம் கதவிடுக்கு வழியாகவே போய்விடும்.

பிறகு ஒரு பேப்பரில் கணக்குப் போட்டார். 10 மீட்டர் நீளம், 6 அகலம், 3 உயரம். 180 கன மீட்டர். வெறும் சுவர்களோடு ஒலி அடங்க இரண்டரை செகண்டுக்கு மேல் ஆகும். கூரை முழுக்க, விழும் ஒலியில் 70 சதவீதம் உறிஞ்சும் டைல்ஸ் போட்டால் சுமார் 0.6 செகண்ட். பேச்சுக்கு அது போதும். சுவரில் ஒரு துண்டு ஃபோம்கூட வேண்டாம்!

அந்தக் கணக்குக்கு அப்பா, ஹார்வர்டு பௌதிக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ல், பேசினால் புரியாத ஒரு லெக்சர் ஹாலைச் சரிசெய்யச் சொன்னார்கள். ஆர்கன் குழாய், ஸ்டாப் வாட்ச், வேறொரு அரங்கிலிருந்து தூக்கி வந்த இருக்கை மெத்தைகள், இவற்றை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக அளந்தார். அவர் ஆலோசனையில் எழுந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-ல் திறந்தது. இன்றும் உலகின் மிகச் சிறந்த சங்கீத அரங்குகளில் ஒன்று. அவரிடமும் பதிவுச் சான்று கிடையாது. அளவு இருந்தது.

ஃபோம்தானே, ஒட்டினால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 'ஸ்டேஷன்' என்ற நைட் கிளப். சத்தத்தைக் குறைக்க ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டது. 100 பேர் இறந்தார்கள். 2013-ல் பிரேசிலில் 'கிஸ்' கிளப். அதே மாதிரி ஃபோம், அதே மாதிரி பொறி, 242 பேர். பெரும்பாலோர் விஷப் புகையில் மூச்சு முட்டி இறந்தவர்கள். தப்பான ஆலோசனையின் விலை சில சமயம் சதுர அடிக் கணக்கில் வராது.

பிரிட்டனில் 1974 முதல் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் அகூஸ்டிக்ஸ்' இருக்கிறது. படிப்பு, அனுபவம் பார்த்துத்தான் முழு உறுப்பினர் ஆக்குவார்கள். அதன் வழியாக 'சார்ட்டர்டு இன்ஜினீயர்' பதிவும் பெறலாம். நடத்தை விதிகள் உண்டு. ஆனாலும் இது எதுவும் இல்லாதவர் அங்கேயும் கடை திறக்கலாம். நம் நாட்டு அகூஸ்டிகல் சொசைட்டி ஆஃப் இந்தியா துறை சார்ந்த சங்கம். லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ் அல்ல. ஆகவே, விசாரிக்கும் வேலை நம்முடையது. கேட்க வேண்டியவை:

* என்ன படித்தீர்கள்? எந்தச் சங்கத்தில், எந்த நிலை உறுப்பினர்? (சொன்னதைச் சங்கத்திடமே சரிபாருங்கள்.)

* உங்கள் அனுபவம் எதில்? அரங்கமா, ஜெனரேட்டர் சத்தமா, ஸ்பீக்கர் அமைப்பா? கண் டாக்டரிடம் முழங்காலைக் காட்டக் கூடாது.

* மீட்டர் கிளாஸ் 1 தானா? கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தது? செல்போன் ஆப் ஆகாது. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் வருட விதிப்படி பகலில் 55, இரவில் 45 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் போட்டால் உங்கள் ரிப்போர்ட் நிற்க வேண்டாமா?

* சரக்கும் நீங்களே விற்கிறீர்களா? மருந்துக் கடைக்காரரே டாக்டர் என்றால் சீட்டு நீளமாகத்தான் இருக்கும்.

* பொருளின் ஒலி டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே? தீ டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?

* முடிவு எத்தனை செகண்ட், எத்தனை டெசிபல்? எழுதித் தருவீர்களா? வேலை முடிந்தபின் வந்து அளந்து காட்டுவீர்களா?

கடைசிக் கேள்விக்குத்தான் பலருக்குத் திடீரென்று வேறு அப்பாயின்ட்மென்ட் ஞாபகம் வரும். கை தட்டிவிட்டு விலை சொல்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மீட்டரைத் திறந்து அளக்க ஆரம்பிப்பவருக்கு டிபனும் வாங்கித் தரலாம்.